கிரேன் இல்லாத கிரேன் டிரைவர்

1. சேர்ந்த அன்றே வம்பு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலேயே ஒரு மனுஷனை வேலையை விட்டு எடுத்தோம். அதுவும் யாரை? அந்த டிப்போவிலேயே எல்லாருக்கும் பிடித்த ஆளை. எனக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வந்த காலோடு ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்த புண்ணியம் கட்டிக்கொண்டேன்.

யுத்த காலம் அது. ஆவடியில் நேற்றுவரை ஆடு மேய்ந்த பொட்டலில் திடீரென்று கூடாரம், தகரக் கொட்டகை, முள்வேலி, ரயில் தண்டவாளம் எல்லாம் முளைத்துவிட்டன. ராணுவ டிப்போ. சுற்றுப்பட்டு ஊர்களில் கைகால் நன்றாக இருந்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் வேலைக்குப் போனார்கள். நான் பூந்தமல்லிக்காரன். எங்கள் அத்தாவுக்குத் துணிக்கடை. நான் கடையில் உட்கார்ந்தால் வந்த வாடிக்கையாளரோடு கதையளந்தே வியாபாரத்தைக் கெடுத்துவிடுகிறேன் என்று, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த கையோடு என்னை டிப்போ லேபர் ஆபீசுக்குத் தள்ளிவிட்டார். குமாஸ்தா வேலை. துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வதும் என் வேலைதான். வாயாடிக்கு வேறென்ன வேண்டும்!

இப்போது எச்.ஆர். என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து செய்கிறீர்களே, அதைத்தான் நாங்கள் ஒரு கூடாரத்துக்குள் வியர்வை சொட்டச் சொட்டச் செய்தோம். ஆள் எடுப்பது, பேர் பதிவது, பரீட்சை வைப்பது, உயர்த்துவது, இறக்குவது, விரட்டுவது.

எங்கள் லேபர் ஆபீசர் ஒரு இளவயதுத் துரை. சீமையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவராம். யுத்தம் வந்ததும் காக்கிச் சட்டை மாட்டி அனுப்பிவிட்டார்கள். நல்ல மனுஷன், சீக்கிரம் சிரித்துவிடுவார். ஆனால் ரூல் என்று வந்தால் மட்டும் முகம் மரக்கட்டை ஆகிவிடும்.

நான் சேர்ந்த அன்று மேலிடத்திலிருந்து ஒரு ரூல் வந்திருந்தது. டிப்போவில் இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு டெசிக்னேஷன் வேண்டும். கூலி, கொல்லன், தச்சன், டிரைவர், கூடாரம் தைப்பவர், ஏதாவது ஒன்று. எந்தப் பெயருக்குள்ளும் அடங்காதவன் வீட்டுக்குப் போக வேண்டும். துரை தொப்பியை மாட்டிக்கொண்டு, "வா காதர், போய்ப் பார்த்துவிடுவோம்" என்று கிளம்பினார். ஒவ்வொரு ஆளாக நிறுத்தி, நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே போனோம்.

சரக்கு இறக்கும் கிளைத் தண்டவாளமான ரயில் சைடிங்குக்கு வந்தோம். லாரி இன்ஜின் அடைத்த பெரிய மரப்பெட்டி ஒன்றை உருளைக் கட்டைமேல் வைத்து, வடம் கட்டி ஒரு கூட்டமே இழுத்துக்கொண்டிருந்தது. ஒருவன் மட்டும் இழுக்கவில்லை. ஒரு காலி டிரம்மின்மேல் ஏறி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஒல்லி உடம்பு, காதில் ஒரு பீடி. தொண்டை மட்டும் ஆண்டவன் வேறு யாருக்கோ வைத்திருந்ததைத் தவறி இவனுக்குக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஆவடிக்கு ரயிலு வந்தா..."

"ஐலசா!"

"ஆளுக்கொரு பொட்டி வந்தா..."

"ஐலசா!"

"மேஸ்திரிக்கு மீசை மட்டும்..."

"ஐலசா!"

"மிச்சமெல்லாம் நம்ம தோளு..."

"ஐலசா!"

ஒவ்வொரு ஐலசாவுக்கும் பெட்டி ஒரு முழம் நகர்ந்தது. எங்களைப் பார்த்ததும் அவன் பாட்டு மாறியது.

"தொப்பிக்குள்ள தொர வேகறாரு..."

"ஐலசா!"

"அப்பளமா பொரியறாரு..."

"ஐலசா!"

துரை என்னைப் பார்த்து, "என்ன பாடுகிறான்?" என்றார்.

"உங்கள் மேல் வெயில் படுகிறதே என்று வருத்தப்படுகிறான் சார்" என்றேன். சத்தியமாக அதில் பொய் இல்லை.

"நல்ல பையன். அவன் வேலை என்ன?"

கூட்டத்தின் மேஸ்திரி முனுசாமி முன்னால் வந்தார். முத்தாபுதுப்பேட்டைக்காரர், பாட்டில் வந்த மீசை அவருடையதுதான். "அவன் ஏகாம்பரங்க, வெள்ளானூரு. பாட்டுப் பாட்றான் தொர" என்றார்.

"அதற்கப்புறம்?"

"அதுக்கப்புறம் இன்னா, அடுத்த பாட்டு பாடுவான்."

பாட்டுக்காரன் என்று ஒரு டெசிக்னேஷன் கிடையாது. கூலி என்று எழுதலாமென்றால் மூட்டை தூக்கிக் காட்ட வேண்டும். ஏகாம்பரத்தின் முதுகில் ஒரு மூட்டையை வைத்தோம். மூட்டை கீழே, அவன் அதற்கும் கீழே. மணலுக்குள்ளிருந்து, "பாய்! மூட்ட எங்கே கீது, நான் எங்கே கீறேன்?" என்று குரல் மட்டும் வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துரைகூடச் சிரித்தார். சிரித்துவிட்டு, "நீக்கிவிடு" என்றார். யாருக்கும் அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

2. ஊமைப் பெட்டி

அடுத்த நாள் சைடிங்கில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு வலிக்கிறது.

அதே ஆட்கள், அதே வடம், அதே மாதிரிப் பெட்டி. இழுக்கிறார்கள், இழுக்கிறார்கள், பெட்டி அசையவில்லை. முன்னால் நிற்பவன் இழுக்கும்போது பின்னால் நிற்பவன் மூச்சு வாங்குகிறான். பின்னால் நிற்பவன் இழுக்கும்போது முன்னால் நிற்பவன் மூக்கைச் சொறிகிறான். மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தானே பாட ஆரம்பித்தார். ஐயோ, அந்தக் குரல்! கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள், அங்கே குட்டிச்சுவரே ஓடிப்போயிருக்கும். வடத்தைப் பிடித்திருந்தவர்கள் சிரித்துச் சிரித்துக் கைவிட்டுவிட்டார்கள். இடதுபக்கத்து ஆட்கள் மட்டும் விடாமல் இழுத்ததில் பெட்டி திரும்பி, உருளையிலிருந்து நழுவி, மழைத்தண்ணி தேங்கியிருந்த பள்ளத்துக்குள் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

துரை ஊதலை எடுத்து ஊதிப் பார்த்தார். ஊதலுக்கு இழுப்பதாம்! ஊதல் கேட்டதும் பாதிப் பேர் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதென்று கஞ்சிக் கலயத்தை எடுக்கப் போனார்கள்.

சாயங்காலம் துரை கூடாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "காதர், அந்தப் பாட்டுக்காரன் வேண்டும். ஆனால் அவனுக்குப் பெயர் இல்லையே!" என்றார். அவனை எந்தப் பெயரில் திரும்ப எடுப்பது? துப்புரவாளர் என்றேன், அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. காவலாள் என்றேன், மார்பு அளவு போதாது. துரை யோசித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கிரேன் டிரைவர்!"

சைடிங்குக்கு ஒரு கிரேனும் அதற்கு ஒரு டிரைவரும் என்று எப்போதோ அனுமதி ஆகியிருந்தது. கிரேன் கப்பலேறியதா, கடலில் முங்கியதா, ஒருத்தருக்கும் தெரியாது. வரவில்லை. ஆனால் டிரைவர் இடம் காலியாக இருந்தது.

"கிரேன் டிரைவரின் கடமை என்ன? பாரத்தைத் தூக்கிப் பத்திரமாக இடம் மாற்றுவது. அவன் அதைத்தானே செய்கிறான்?" என்றார் துரை. பிஸ்கட் கம்பெனியில் இந்த மாதிரி மூளையை வைத்துக்கொண்டு என்னதான் செய்தாரோ!

3. டிரேட் டெஸ்ட்

உண்மையில் அந்த வேலை ஏகாம்பரத்துக்குச் சோற்றுக்கு மட்டும் தேவைப்படவில்லை. மேஸ்திரி முனுசாமிக்கு ஒரு மகள், பேர் அமிர்தம். டிப்போவிலேயே கூடாரம் தைக்கும் கொட்டகையில் வேலை. சைடிங்கிலிருந்து பாட்டு வந்தால் கொட்டகையில் இவள் ஊசி வேகமாக ஓடும் என்று கூட இருந்த பெண்கள் கேலி செய்வார்கள். ஏகாம்பரமும் ஒருநாள் தைரியமாகப் போய்ப் பெண் கேட்டுவிட்டான். மேஸ்திரி மீசையை முறுக்கிக்கொண்டு சொன்ன பதில் டிப்போ முழுக்கப் பிரசித்தம்.

"பாட்டுப் பாட்றவனுக்குப் பொண்ணக் குடுத்தா, என் பொண்ணு கூழுக்குப் பதிலா ராகத்தயா கரைச்சுக் குடிக்கும்? உன் கேட்டு பாஸுல ஒரு உத்தியோகப் பேரு எய்திக்கினு வா. அப்பால பேசு."

அதனால்தான் அன்று மூட்டைக்கு அடியில் கிடந்தபோது அவனுக்கு உடம்பைவிட மனசு அதிகமாக நசுங்கியது. நான் வெள்ளானூருக்கு ஆள் அனுப்பி, கிரேன் டிரைவர் டெஸ்டுக்கு வா என்று சொன்னதும் ஓட்டமாக ஓடி வந்தான்.

"பாய், கிரேனுன்னா இன்னா பாய்?"

"அதைப் பற்றி நீ கவலைப்படாதே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்."

துரை ரூல்படி கேள்வி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"உன் மெஷினுக்கு பிரேக் எங்கே?"

"நான் வாய மூடுனா நின்னுடும் தொர."

"வேகத்தைக் குறைப்பது எப்படி?"

"இஸ்த்துப் பாடுனா மெதுவா போவும். நறுக்கு நறுக்குனு பாடுனா ஓடும்."

"எரிபொருள்?"

"கேவுரு கூழு. தொட்டுக்க வெங்காயம் இருந்தா இன்னும் ஜோரா போவும்."

"எவ்வளவு பாரம் தூக்கும்?"

அவன், கூடார வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தான். "நம்ம மேஸ்திரி மேல ஏறி குந்திக்கினாலும் தூக்கும்."

துரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடாரத்துக்கு வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். பிறகு பள்ளத்தில் கிடந்த பெட்டியைக் காட்டி, செய்துகாட்டு என்றார். ஏகாம்பரம் டிரம்மின்மேல் ஏறினான். நாலைந்து அடி பாடுவதற்குள் பெட்டி கரையேறிவிட்டது. பாஸ்! அவன் கேட் பாஸில் நானே என் கையால் 'கிரேன் டிரைவர்' என்று எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே மேஸ்திரியிடம் போய் நீட்டினான். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா எய்தி கீது பாய்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். வாக்கு வாக்குதான் என்று அந்த வாரமே வெற்றிலை பாக்கு மாற்றினார். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

4. பேர் செய்த வேலை

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஒரு மனுஷனுக்கு நாம் வைக்கும் டெசிக்னேஷன் வெறும் எழுத்து என்று நினைக்காதீர்கள்.

அதுவரை ஏகாம்பரம் நினைத்தால் வருவான், நினைத்தால் போவான். கிரேன் டிரைவர் ஆன மறுநாளிலிருந்து சங்கு ஊதுவதற்குமுன் டிரம்மின்மேல் நின்றான். தொண்டை கெடும் என்று பீடியை விட்டான். பெட்டியைச் சுற்றி வந்து வடம் சரியாகக் கட்டியிருக்கிறதா, உருளை விரிந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தான். முன்பெல்லாம் யார் கால் நசுங்கினாலும் அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருப்பான். இப்போது ஒருத்தன் கால் வழுக்கினாலும் பாட்டை நிறுத்திவிடுவான். அவன் வேலை பார்த்த நாட்களில் அந்த சைடிங்கில் ஒருத்தருக்கும் அடிபடவில்லை.

கூட்டத்துக்கும் குஷி வந்துவிட்டது. டிரைவர் அவன் என்றால் கிரேன் நாங்கள்தானே என்று கிளம்பிவிட்டார்கள். மத்தியானம் ஆனால், "பாய், கிரேனுக்கு தாகமா கீது, தண்ணி காட்டு" என்பார்கள். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால், "கிரேன்ல ஒரு பல்லு ஒடிஞ்சி போச்சு" என்று வந்து சொல்வார்கள். வேறு சைடிங்குகளில் ஒருநாள் முழுக்க இறக்கும் வண்டியை இவர்கள் மத்தியானத்துக்குள் இறக்கிவிட்டு மரநிழலில் சாய்ந்துவிடுவார்கள். துரைக்கும் மேலிடத்தில் நல்ல பெயர்.

ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் கிரேன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "அது உனுக்கு சொன்னா பிரியாது மாமே, யுத்த ரகசியம்" என்பானாம். அவனுக்கே தெரியாது என்பதுதான் ரகசியம்.

5. வந்தது கிரேன்

ஆடி பிறந்த சமயம். காலையில் துரை கூடாரத்துக்குள் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"காதர், கிரேன் வந்துவிட்டது."

வெளியே ஓடிப் பார்த்தேன். தட்டை வண்டி ஒன்றின்மேல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பூதம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அது தனியாக வந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். கூடவே பட்டணத்திலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு பெரிய துரையும் வந்து இறங்கினார். வெள்ளை மீசை, சிரித்தே பழக்கமில்லாத வாய். இறங்கியதும் முதல் வார்த்தையே, "உங்கள் கிரேன் டிரைவர் பிரமாதம் என்று கேள்விப்பட்டேன். கூப்பிடுங்கள், இதை அவர் இறக்கட்டும்."

எங்கள் துரை என்னை ஓரமாக இழுத்து, "அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. படுக்க வை!" என்றார். நான் பிடித்தேன் ஓட்டம். விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி அலறிவிட்டார். மகள் கல்யாணம் ஆயிற்றே! "படுத்துக்கடா மாப்ளே! வயித்த வலின்னு சொல்லு! ஏய், அந்தச் சாக்க எட்து இவன் மேல போத்துங்கடா!"

சைடிங் ஓரத்துத் தகரக் கொட்டகையில் ஏகாம்பரத்தைப் படுக்கவைத்து மேலே சாக்கைப் போர்த்தினார்கள். ஒருத்தன் காலைப் பிடித்தான், ஒருத்தன் விசிறினான். மேஸ்திரி தலைமாட்டில் உட்கார்ந்து, "அய்யோ மாப்ளே" என்று ஒப்பாரியே வைத்துவிட்டார். நான் திரும்பிப் போய்ச் சொன்னேன். பெரிய துரை, "அப்படியா? நானே வந்து பார்க்கிறேன், டாக்டரையும் வரச் சொல்லுங்கள்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பெரிய துரை உள்ளே வந்தார். பின்னால் எங்கள் துரையும் நானும். கூடாரம் தைக்கும் பெண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அமிர்தமும் அதில் இருந்தாள். மேஸ்திரி ஒப்பாரியை இன்னும் உயர்த்தினார். திடீரென்று சாக்கு எழுந்து உட்கார்ந்தது.

"போதும் மாமா, அழுவாத. எனுக்கு ஒண்ணுமில்ல" என்றான் ஏகாம்பரம். சாக்கை உதறிவிட்டு எழுந்து நின்றான். "பாய், நான் சொல்றத அப்டியே சொல்லு. அந்த மிஷின ஓட்ட எனுக்குத் தெரியாது. நான் அத்த இன்னிக்கிதான் மொத மொத பாக்கறேன். எனுக்கு இந்த ஆளுங்கள ஓட்டத்தான் தெரியும்."

நான் எங்கள் துரையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இதை எப்படி மாற்றிச் சொல்வது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று என் வாயாடிப் புத்தி ஓடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பெரிய துரை வாசல் வழியாகத் தட்டை வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த ரயில் வண்டி சாயங்காலம் திரும்பிப் போக வேண்டும். கிரேனை யார் இறக்குவது?" என்றார்.

"நாங்கதான்" என்றான் ஏகாம்பரம். "வேற யாரு கீறாங்க?"

6. கிரேனைத் தூக்கிய கிரேன்

பாரம் தூக்க வந்த மெஷினை, அந்த மெஷின் இல்லாமல் தூக்கி இறக்க வேண்டும்! பலகை சாய்த்தார்கள், உருளை போட்டார்கள், முன்னால் ஒரு வடம் இழுக்க, பின்னால் இரண்டு வடம் பிடித்து நிறுத்த. ஏகாம்பரம் டிரம்மில் ஏறினான். அன்று பாட்டில் கேலி இல்லை.

"பாத்து வாம்மா பட்டணத்தாளே..."

"ஐலசா!"

"பள்ளம் கீது பதமா எறங்கு..."

"ஐலசா!"

"உன்னால என் பொயப்பு போவுது..."

"ஐலசா!"

"ஒடியாமே எறங்கு தாயே..."

"ஐலசா!"

அவன் தன் பிழைப்பைக் கெடுக்க வந்ததைத்தான் இவ்வளவு ஜாக்கிரதையாக இறக்குகிறான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வழியில் ஒரு பலகை படீரென்று பிளந்தது. கிரேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே ஆட்கள். "நில்லு!" என்று ஒரே ஒரு சத்தம்தான் போட்டான். அத்தனை கையும் அதே நொடியில் இறுகின. கிரேன் சாய்ந்தபடியே அந்தரத்தில் நின்றது. அவன் இழுத்து, மெதுவாக, ஒரு தாலாட்டு மாதிரிப் பாடப் பாட, பின்வடம் ஒவ்வொரு விரலாக விட்டுக்கொடுத்தது. கிரேன் மண்ணில் உட்கார்ந்தது. கூடாரம் தைக்கும் பெண்கள் குலவை போட்டார்கள். மேஸ்திரி யாரென்று பாராமல் என்னைக் கட்டிக்கொண்டார். பெரிய துரையின் பூட்ஸ் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், அல்லா மேல் ஆணை.

ஆனால் ரூல் ரூல்தானே. பெரிய துரை எங்கள் துரையைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். திரும்பி வந்து ஏகாம்பரத்திடம், "கற்றுக்கொடுத்தால் இதை ஓட்டக் கற்றுக்கொள்வாயா?" என்று கேட்டார்.

"கத்துக்குடுத்தா கத்துக்கறேன். பாடாத ஓட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் பாஸிலிருந்து கிரேன் டிரைவர் என்பதை அடித்துவிட்டு, 'கற்பவர்' என்று எழுதச் சொன்னார். கற்றுக்கொண்டு பாஸ் செய்தால் இடம் அவனுடையது. செய்யாவிட்டால் அன்றோடு சரி. போகும்போது பெரிய துரை என்னிடம் சொன்னார்: "நான் எத்தனையோ டிப்போ பார்த்துவிட்டேன். ஒரு வேலைக்காரன் எழுந்து நின்று எனக்குத் தெரியாது என்று சொல்லி இன்றுதான் கேட்கிறேன். எல்லாரையும் அதற்குப் பயப்படும்படி நாம் வைத்திருக்கிறோம்."

அன்று சாயங்காலமே மேஸ்திரி முருங்கைமரம் ஏறிவிட்டார். "கிரேன் டிரைவருக்குத்தான் நான் பொண்ணு குடுக்கறேன்னு சொன்னேன். கத்துக்குட்டிக்கு இல்ல. பாஸாவட்டும், அப்பால பாக்கலாம்" என்று சைடிங்கிலேயே எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். ஏகாம்பரம் குனிந்து வடத்தைச் சுருட்ட ஆரம்பித்தான்.

அமிர்தம் ஊசியைத் தலையில் செருகிக்கொண்டு கொட்டகையிலிருந்து வந்தாள்.

"நைனா, கிரேன் டிரைவருன்னு சொன்னது பொய்யி. வயித்த வலின்னு நீ சொன்னது அத்தவிடப் பொய்யி. அத்தினி பேர் எதுக்க எய்ந்து நின்னு தெரியாதுன்னு சொன்னாரே, அது ஒண்ணுதான் நெசம். நான் அந்த நெசத்தத்தான் கட்டிக்கறேன். நீ பந்தல் போட்டா போடு, போடாட்டி போ."

"இன்னாம்மே, அப்பங்காரன் எதுக்கயே இப்டிப் பேசறே?"

"நீ ஒப்பாரி வச்சப்ப நான் எதுனா கேட்டனா?"

கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்துவிட்டது. மேஸ்திரியும் மீசைக்கடியில் சிரித்ததை மறைக்கப் பார்த்தார். முடியவில்லை.

7. நான் கற்றுக்கொண்டது

ஏகாம்பரம் பிறகு பாஸ் செய்துவிட்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பதறாதீர்கள். மோட்டார் பிரிவில் ஒரு சிடுமூஞ்சி ஹவில்தாரிடம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டான். யுத்தம் முடிந்த பிறகும் அவனை டிப்போவில் வைத்துக்கொண்டார்கள். கடைசிவரை பாடாமல் அவன் கொக்கியை ஏற்றியதில்லை.

நானும் யுத்தம் முடிந்து எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அம்பத்தூர் பக்கத்து ஃபாக்டரிகளில் பர்சனெல் ஆபீசராக இருந்து ரிட்டையர் ஆனேன். எத்தனையோ பேரை வேலைக்கு எடுத்தேன். யார் வந்து உட்கார்ந்தாலும், உனக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டதில்லை. என்ன தெரியாது என்றுதான் கேட்பேன். எல்லாம் தெரியும் சார் என்பவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். தெரியாததைத் தைரியமாகச் சொன்னவனைப் பிடித்துவைத்துக்கொள்வேன். அவன் சொன்னதற்காக அவன் சோற்றில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வேன். நான் முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அந்த ரகம்தான்.

ஆனால் எனக்கு இந்தப் பாடம் டிப்போவில் முழுசாக ஏறவில்லை. திருவேற்காட்டுக் கோயிலில் அந்தக் கல்யாணத்தில்தான் ஏறியது. ஆவணியில், குறித்த நாளிலேயே, மாப்பிள்ளை இன்னும் பாஸ் செய்யாதபோதே நடந்தது. நானும் எங்கள் துரையும் போயிருந்தோம். துரை வேட்டி கட்டிக்கொண்டு, அது எப்போது அவிழுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார். பெண் வீட்டுப் பக்கம் ஒரு பெரியவர் மணவறைக்கு முன்னால் வந்து, "மாப்ளைக்கு டிப்போவுல இன்னா உத்தியோகம்?" என்று சத்தமாகக் கேட்டார். மேஸ்திரி அவசரமாக வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். யுத்த ரகசியம் என்று ஊரெல்லாம் அளந்த ஏகாம்பரம் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மணப்பெண் பேசக் கூடாத நேரம் அது. அமிர்தம் தலையை நிமிர்த்தி, ஏதோ கலெக்டர் உத்தியோகம் சொல்வது போலச் சொன்னாள்.

"கத்துக்கினு கீறாரு!"